கோனி ஐலண்ட்: இடிந்துபோன பூங்காக்களின் ஞாபகம் யார் கையில்?

2025 செப்டம்பர் கடைசியில், நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் வரவிருந்த சூதாட்ட விடுதித் திட்டம் உள்ளூர் ஆலோசனைக் குழுவின் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. போக்குவரத்து நெரிசல், சூதாட்டத்தால் குடும்பங்கள் கெடுவது என்று வழக்கமான எதிர்ப்புகள் இருந்தன. அவற்றோடு இன்னொரு வாதமும் விடாமல் ஒலித்தது: இது வந்தால் கோனி ஐலண்டின் பாரம்பரியம் போய்விடும்.

பாரம்பரியமா? ராட்டினம், மாயக்கண்ணாடி, வாள் விழுங்கும் வித்தை, மூன்று சீட்டு மோசடி என்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிழைத்த தெரு அது. கோயிலும் இல்லை, கோட்டையும் இல்லை. புகழின் உச்சியில் அங்கே இருந்த மூன்று பெரிய பூங்காக்களில் ஒன்றுகூட இன்று மிச்சமில்லை. அப்படியிருக்க எதைக் காப்பாற்றச் சொல்கிறார்கள்? கலைஞர்களும் கதைசொல்லிகளும் 1980க்குப் பிறகு அங்கே செய்த வேலையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சண்டை புரியும்.

இடம் எது, இருந்தது என்ன?

கோனி ஐலண்ட் புரூக்ளினின் தெற்கு ஓரத்தில் அட்லாண்டிக்கைப் பார்த்தபடி கிடக்கும் மணல் நிலம். பெயரில்தான் தீவு, நடுவிலிருந்த ஓடையின் ஒரு பகுதியைத் தூர்த்துவிட்டதால் இன்று அது நிலத்தோடு ஒட்டிய முனை. முதலில் பணக்காரர்களின் ஹோட்டல்களும் குதிரைப் பந்தயமும், பிறகு மூன்று பூங்காக்களும் வந்தன.

1. ஸ்டீபிள்சேஸ் பார்க். ஜார்ஜ் டில்யூ 1897ல் தொடங்கியது. தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகளில் ஏறிப் பந்தயம் விடலாம். காது வரை பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு முகம்தான் அதன் முத்திரை.

2. லூனா பார்க். ஃப்ரெடரிக் தாம்சனும் எல்மர் டண்டியும் 1903ல் திறந்தார்கள். இரண்டரை லட்சம் மின்விளக்குகள். பல வீடுகளில் மின்சாரமே இல்லாத காலம் அது. மறு ஆண்டே டெல்லித் தெரு என்று ஒன்றை ஜோடித்து யானைகளையும் ஒட்டகங்களையும் நடக்கவிட்டார்கள்.

3. ட்ரீம்லேண்ட். 1904ல் லூனாவுக்குப் போட்டியாக, முழுக்க வெள்ளை நிறத்தில் எழுந்தது. விளக்குகள் பத்து லட்சம் என்று விளம்பரம்.

1920ல் சுரங்க ரயில் முழுமையாக வந்து சேர்ந்தது. ஐந்து சென்ட் கொடுத்தால் மன்ஹாட்டனின் நெருக்கடியான குடியிருப்புகளிலிருந்து கடலுக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து லட்சம் பேர் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வீஜீ என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் 1940 ஜூலையில் எடுத்த படத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கை நம்பத் தோன்றும். மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். அத்தனை பேரும் கேமராவை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

ஓவியர்களும் ஆரம்பத்திலிருந்தே வந்தார்கள். ஜோசப் ஸ்டெல்லா 1913-14ல் அந்த விளக்கொளியை வண்ணச் சிதறலாக வரைந்தார். ரெஜினால்ட் மார்ஷ் கடற்கரையில் புரளும் உடல்களை ஆண்டுக்கணக்கில் வரைந்து தள்ளினார். ஆனால் இவர்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்ததைப் பதிவு செய்தவர்கள். போய்விட்டதைக் காப்பது வேறு வேலை. அதற்கு முதலில் அது போக வேண்டும்.

போனது எப்படி?

தீ ஒரு காரணம். ட்ரீம்லேண்ட் 1911 மே 27 அதிகாலையில் எரிந்து முடிந்தது. சீசன் திறப்புக்கு முன் ஒரு சவாரியில் நீர்க்கசிவை அடைக்கத் தார் பூசிக்கொண்டிருந்தபோது பற்றிய நெருப்பு அது. பூங்கா மறுபடி கட்டப்படவேயில்லை. லூனா 1944ல் எரிந்தது.

ஸ்டீபிள்சேஸின் கதை வேறு. 1907ல் எரிந்தும் டில்யூ அதைத் திரும்பக் கட்டினார். எரிந்த இடிபாடுகளைப் பார்க்கக்கூடப் பத்து சென்ட் வசூலித்தார் என்பது அந்த ஊர் பெருமையோடு சொல்லும் கதை. புதிதாக எழுந்த கண்ணாடி மண்டபம் 1964 வரை இயங்கியது. பூங்கா மூடியதும் ஃப்ரெட் டிரம்ப், பின்னாளில் அதிபரான டொனால்டின் அப்பா, அந்த நிலத்தை வாங்கினார். அடுக்குமாடிகள் கட்டுவது அவருடைய எண்ணம். 1966 செப்டம்பரில் ஒரு விருந்து வைத்தார். நீச்சலுடை மாடல்கள், பத்திரிகைக்காரர்கள், சாப்பாடு எல்லாம் உண்டு. விருந்தினர்கள் கையில் செங்கல் கொடுக்கப்பட்டது. அந்தச் சிரிப்பு முகம் பதிந்திருந்த கண்ணாடி முகப்பின் மேல் எறிந்து உடைப்பதுதான் நிகழ்ச்சி. அப்புறம் இயந்திரங்கள் வந்து மிச்சத்தை இடித்தன. இத்தனைக்கும் நியூயார்க்கில் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

டிரம்புக்கு அடுக்குமாடி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. நிலத்தைச் சில ஆண்டுகளில் நகர நிர்வாகமே வாங்கியது. ஆக, மண்டபம் போனது. அதன் இடத்தில் வரவேண்டியதும் வரவில்லை. பின்னாளில் அங்கே நடந்த ஒவ்வொரு சண்டையிலும் இந்த 1966 ஒரு சாட்சியாக இழுக்கப்படுகிறது.

சட்டம் எதைக் காக்கும்?

"சட்டம் இருக்கிறதே, கலைஞர்கள் எதற்கு?" என்று கேட்கலாம். சட்டத்தின் எல்லையைப் பார்ப்போம்.

1. பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தால் அந்தக் கட்டுமானத்தை இஷ்டத்துக்கு இடிக்கவோ மாற்றவோ முடியாது. 1927ல் வந்த சைக்ளோன் ரோலர் கோஸ்டர் 1988ல் அந்தத் தகுதியைப் பெற்றது. 1920ன் வொண்டர் வீல் ராட்டினமும், பாராசூட் ஜம்ப் கோபுரமும் 1989ல் பெற்றன. மரப்பலகை நடைபாதைக்கு அது கிடைக்க 2018 ஆனது.

2. காக்கப்படுவது இரும்பும் மரமும்தான். அதை யார் ஓட்டுகிறார்கள், டிக்கெட் என்ன விலை, பக்கத்துக் கூடாரத்தில் என்ன வித்தை நடக்கிறது என்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் படாது. பாராசூட் ஜம்ப் இன்றும் நிற்கிறது. ஆனால் அதிலிருந்து யாரும் குதித்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

3. அறிவிப்பு வருவதற்குள் இடித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 1925ல் கட்டிய தண்டர்போல்ட் என்ற ரோலர் கோஸ்டருக்கு அடியில் ஒரு வீடு இருந்தது; ஆட்கள் குடியிருந்த வீடு. 2000 நவம்பரில் ஆபத்தான கட்டடம் என்று சொல்லி நகர நிர்வாகமே அதை இடித்தது. அந்த இடிப்பு நியாயமில்லை என்று பிறகு நீதிமன்றத்தில் ஜூரிகள் சொன்னார்கள். சொல்லி என்ன பயன்?

4. நில வகைப்பாடு என்பது தனிச் சட்டம். எந்த மனையில் எதைக் கட்டலாம் என்று வரையறுப்பது அது. கோனி ஐலண்டின் நடுப்பகுதி நெடுங்காலம் கேளிக்கைப் பூங்காக்களுக்கு என்றே ஒதுக்கப்பட்ட மண்டலமாக இருந்தது. அந்த ஒதுக்கீட்டை மாற்றினால், ஒரு சின்னத்தையும் தொடாமலே இடத்தின் குணத்தை மாற்றிவிடலாம்.

நான்காவதுதான் உண்மையான போர்க்களம். அங்கே வாதாட, "இது வெறும் காலி மனை இல்லை" என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கச் சான்று வேண்டும்.

தொழிலையே செய்துகாட்டிய கலைஞர்கள்

1970களின் இறுதியில் கோனி ஐலண்ட் பாதி காலி. சுற்றிலும் அரசு அடுக்குமாடிகள், எரிந்த கடைகள், பூட்டிய ஷட்டர்கள். 1981ல் ரிச்சர்ட் ஈகன், ஃபிலோமினா மரானோ என்ற இரு கலைஞர்கள் கோனி ஐலண்ட் ஹிஸ்டெரிகல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். பாழடைந்த சுவர்களில் படம் வரைந்தார்கள். பழைய பேய்வீட்டுச் சவாரி ஒன்றைச் சீர்செய்து கலைக்கூடமாகவும் சவாரியாகவும் ஓட்டினார்கள். பார்வையாளர் ஓவியத்தின் முன் நிற்பதற்குப் பதில் வண்டியில் உட்கார்ந்து அதற்குள் போனார்.

இதே காலத்தில் டிக் ஸைகன் வந்து சேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். சர்க்கஸ் மன்னர் பார்னம் வாழ்ந்த பிரிட்ஜ்போர்ட் ஊர்க்காரர். 1980ல் கோனி ஐலண்ட் யுஎஸ்ஏ என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். அருங்காட்சியகமும் வைத்தார், ஆனால் அதோடு நின்றிருந்தால் இன்னொரு தூசி படிந்த அறைதான் கிடைத்திருக்கும். அவர் செய்த மற்ற இரண்டு காரியங்கள்தான் முக்கியம்.

முதலாவது, கடற்கன்னி ஊர்வலம். 1903லிருந்து 1954 வரை அங்கே ஆண்டுதோறும் மார்டி கிரா என்ற திருவிழா ஊர்வலம் நடந்திருந்தது. அந்த மரபைப் பிடித்துக்கொண்டு 1983ல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். ஜூனில், கோடையின் வாசலில், மீன்வால் கட்டிக்கொண்டு உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு ஜனங்கள் தெருவில் வருகிறார்கள். ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ கம்பெனிக்கோ உரியதல்ல இந்த விழா. பரிசு கொடுக்கும் நடுவர்களுக்கு வெளிப்படையாக லஞ்சம் கொடுக்கலாம் என்பது விளையாட்டு விதி. பழைய கோனி ஐலண்டின் மோசடிக் குணத்துக்கு இதைவிட நல்ல அஞ்சலி கிடையாது.

இரண்டாவது, 1985ல் தொடங்கிய சைடுஷோ. ஒரே டிக்கெட்டில் வரிசையாகப் பல வித்தைகள்: வாள் விழுங்குவது, நெருப்பு தின்பது, மூக்கில் ஆணி அடிப்பது, பாம்பு ஆட்டம். வாசலில் ஒருவர் நின்று ஆள் கூப்பிடுவார். இந்த வித்தைகளைக் கற்றுக்கொடுக்க அங்கே ஒரு பள்ளியே நடக்கிறது. வாளைத் தொண்டைக்குள் இறக்குவது எப்படி என்பதை ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குத்தான் கொடுக்க முடியும். ஒரு தலைமுறை விட்டுப்போனால் அதோடு முடிந்தது.

கட்டடத்தின் வெளியே தொங்கும் பேனர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நம்மூர்ப் பொருட்காட்சியில் மரணக்கிணறு கூடாரத்தின் முன்னால் படம் போட்ட தட்டி நிற்குமே, அதே ரகம். உள்ளே நடப்பதைவிடப் பத்து மடங்கு பெரிதாகச் சொல்லும் படம். இவற்றை 1990களின் பிற்பாதியிலிருந்து வரைந்தவர் மேரி ராபர்ட்ஸ். அவர் குடும்பத்தில் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் ட்ரீம்லேண்ட் பெயரிலேயே நடந்த சைடுஷோவில் வாசலில் நின்று கூவி ஆள் சேர்த்தவர். ராபர்ட்ஸின் பேனர்கள் கலைப்பொருளாகவும் மதிக்கப்படுகின்றன, அதே சமயம் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்று டிக்கெட் விற்கும் வேலையையும் செய்கின்றன.

2004ல் ஸ்டீவ் பவர்ஸ் என்ற ஓவியர், கிரியேட்டிவ் டைம் என்ற கலை அமைப்போடு சேர்ந்து ட்ரீம்லேண்ட் ஆர்டிஸ்ட் கிளப் என்ற பெயரில் ஓவியர்களைக் கூட்டி, அங்கிருந்த கடைகளுக்கும் விளையாட்டு ஸ்டால்களுக்கும் கையால் பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்ததும் இந்த வழியில்தான்.

கதை சேகரிப்பவர்கள்

ஆஸ்ட்ரோலேண்ட் என்ற பூங்காவை 1962லிருந்து நடத்திய ஆல்பர்ட் குடும்பம் 2004ல் கோனி ஐலண்ட் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டைத் தொடங்கியது. அதன் இயக்குநர் சார்லஸ் டென்சன் அந்தத் தெருக்களில் வளர்ந்தவர். கோனி ஐலண்டைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். வொண்டர் வீலுக்கு அடியில் ஒரு சிறு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஸ்டீபிள்சேஸின் குதிரை ஒன்றைப் பார்க்கலாம். ஆனால் அவர்களுடைய பெரிய சேமிப்பு வாய்மொழி வரலாறு, அதாவது நேரில் வாழ்ந்தவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைப்பது. ராட்டினம் ஓட்டியவர்கள், கடைக்காரர்கள், குடியிருப்பாளர்கள் என நூற்றுக்கணக்கான குரல்கள் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ரஷ்யன், சீனம், ஸ்பானிஷ் பேசும் புதிய குடியேறிகளின் பேட்டிகளும் அதில் உண்டு. இது நல்ல முடிவு. ட்ரீம்லேண்டைப் பார்த்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை. இப்போது அங்கே வாழ்கிறவர்களை விட்டுவிட்டுத் தொகுத்தால் அது ஏக்கத்தின் ஆல்பமாகத்தான் முடியும்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. அதே ஆல்பர்ட் குடும்பம்தான் 2006ல் ஆஸ்ட்ரோலேண்ட் நிலத்தைத் தோர் ஈக்விட்டீஸ் என்ற நில வணிக நிறுவனத்துக்கு விற்றது. பூங்கா 2008ல் மூடியது. ஞாபகத்தைச் சேர்ப்பவர்களும் நிலத்தை விற்பவர்களும் எப்போதும் எதிரெதிர் முகாம் என்று நினைத்துவிடக் கூடாது.

வாய்மொழிப் பதிவு இல்லாவிட்டால் என்ன போயிருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். மார்ட்டின் கூனி என்பவர் 1903லிருந்து நாற்பது ஆண்டுகள் கோனி ஐலண்டில் குறைப்பிரசவக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்சி நடத்தினார். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். பெற்றோரிடம் அவர் பைசா வாங்கவில்லை; டிக்கெட் காசில்தான் செவிலியருக்குச் சம்பளம். பெரும்பாலான மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகள் அங்கே ஆயிரக்கணக்கில் பிழைத்தன. பிழைத்தவர்கள் முதிய வயதில் கொடுத்த பேட்டிகள் இல்லையென்றால், அது வெறும் வேடிக்கைக் கூடம் என்ற வரியோடு முடிந்திருக்கும்.

ஞாபகம் தப்பாகவும் போகும்

1903 ஜனவரி 4 அன்று, கட்டி முடிக்கப்படாத லூனா பார்க்கில் டாப்ஸி என்ற யானையை நஞ்சு கொடுத்து, மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். முந்தைய ஆண்டு அது ஒரு மனிதரைக் கொன்றிருந்தது. எடிசனின் நிறுவனம் இதைப் படம்பிடித்தது. அதனால் "எடிசன் தன் போட்டியாளரின் மின்சாரம் ஆபத்தானது என்று காட்ட யானையைக் கொன்றார்" என்ற கதை உலகமெங்கும் சுற்றுகிறது. தமிழிலும் வாட்ஸ்அப்பில் வந்தபடி இருக்கிறது. அந்த மின்சாரப் போட்டி 1890களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. எடிசன் அன்று அங்கே இருக்கவும் இல்லை. கொன்றது பூங்காவின் முதலாளிகள்; விளம்பரமும் அவர்களுக்கே.

நூறாண்டு கழித்து, 2003ல், லீ டீகார்ட் என்ற கலைஞர் செய்த நினைவுச்சின்னம் கோனி ஐலண்ட் யுஎஸ்ஏவில் வைக்கப்பட்டது. சங்கிலிகளுக்கு நடுவே ஒரு செப்புத் தகட்டின் மேல் நிற்க வேண்டும். எதிரே பழைய காலத்துக் கைப்பிடிப் படப்பெட்டி. கைப்பிடியை நாமே சுற்றினால்தான் யானை சாகும் காட்சி ஓடும். அந்தக் கூட்டத்தில் ஒருவராக நம்மை நிறுத்திவிடுகிற ஏற்பாடு இது. ஒரு தகவல் பலகை எழுதி வைத்திருந்தால் இது நடக்காது.

2009ல் ஸோயி பெலோஃப் அதே அருங்காட்சியகத்தில், கோனி ஐலண்டில் உளப்பகுப்பாய்வு ஆர்வலர்களின் சங்கம் ஒன்று 1926லிருந்து இயங்கியதாக ஒரு காட்சி வைத்தார். கனவுகளைப் படமாக எடுத்த உறுப்பினர்கள், உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்டின் கருத்துகளின்படி பூங்காவையே மாற்றி வரைந்த திட்டம் என்று எல்லாம் ஆவணங்களாக இருந்தன. ஃப்ராய்ட் 1909ல் கோனி ஐலண்டுக்கு வந்தது உண்மை. சங்கம் கற்பனை. ஏமாற்று வித்தைக்குப் பேர்போன இடத்தில் இது பொருத்தமான விளையாட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் ஆவணக் காப்பகமும் கற்பனைக் காப்பகமும் ஒரே தெருவில் இருந்தால், பார்க்க வருகிறவர் எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

காக்கப்படாத ஞாபகங்களும் உண்டு. 1905ல் பிலிப்பைன்ஸிலிருந்து இகோரோட் மக்களைக் கொண்டுவந்து லூனா பார்க்கில் காட்சிக்கு வைத்தார்கள். டெல்லித் தெருவில் நடந்தவர்கள் யார், எங்கே திரும்பிப் போனார்கள்? அவர்கள் குரலில் பதிவு கிடையாது. கடற்கன்னி ஊர்வலத்தின் உற்சாகத்தில் இவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம்.

ஓவியம் யாருக்கு வேலை செய்கிறது?

2009 ஜூலையில் நகர மன்றம் நில வகைப்பாட்டை மாற்றியது. ஸர்ஃப் அவென்யூ என்ற முக்கியச் சாலையின் தென்பக்கம் உயரமான ஹோட்டல்களுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு நகர நிர்வாகம் தோர் ஈக்விட்டீஸிடமிருந்து கிட்டத்தட்ட 7 ஏக்கரை 95.6 மில்லியன் டாலருக்கு வாங்கி, பூங்கா நடத்தக் குத்தகைக்கு விட்டது. 2010ல் திறந்த அந்தப் பூங்காவுக்கு லூனா பார்க் என்றே பெயர் வைத்தார்கள். 2014ல் வந்த எஃகு ரோலர் கோஸ்டருக்குத் தண்டர்போல்ட் என்று பெயர். பழையவற்றோடு இவற்றுக்குப் பெயரைத் தவிர உறவில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம், முப்பது ஆண்டுகளாக அவற்றை மறக்கவிடாமல் வைத்திருந்த கலைஞர்கள்தான். அதற்கான ராயல்டி அவர்களுக்கு வருவதில்லை.

தோர் ஈக்விட்டீஸ் 2010ல் தன் கையில் மீதமிருந்த மனைகளில் பழைய கட்டடங்கள் சிலவற்றை இடித்தது. 2015ல் அந்த நிறுவனமே, கலை வணிகர் ஜெஃப்ரி டைச்சின் பொறுப்பில், தன் காலி மனையில் தனித்தனிச் சுவர்களை நிறுத்திப் பிரபல தெரு ஓவியர்களை வரையவைத்தது. ஓவியங்கள் பல அருமையானவை, கூட்டமும் வந்தது. ஆனால் வேலையின் வகை வேறு. ராபர்ட்ஸின் பேனர் பின்னால் நடக்கும் வித்தைக்கு ஆள் சேர்க்கிறது. இந்தச் சுவர்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது தெரியாமலிருக்கத்தான் அவை உதவின.

சூதாட்ட விடுதிச் சண்டைக்கு வருவோம்

2022ல் அறிவிக்கப்பட்ட திட்டம் அதே தோர் ஈக்விட்டீஸும் கூட்டாளிகளும் கொண்டுவந்தது. நியூயார்க் விதிப்படி ஒவ்வொரு சூதாட்ட விடுதி விண்ணப்பத்துக்கும் ஆறு பேர் கொண்ட உள்ளூர்க் குழு இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும். அப்படித்தான் முடிந்தது. பாரம்பரிய வாதம் மட்டுமே தோற்கடித்தது என்று சொல்வது மிகை. ஆனால் 1966ல் செங்கல் எறிந்தபோது எதிர்த்துச் சொல்ல இப்படியொரு கலை அமைப்பு அங்கே இல்லை. இந்த முறை ஊர்வலம் இருந்தது, பேட்டித் தொகுப்பு இருந்தது, நாற்பது ஆண்டுகளாக அவற்றைப் பார்த்து வளர்ந்த குடியிருப்பாளர்கள் இருந்தார்கள்.

வாக்கெடுப்பில் தோற்றது விண்ணப்பம் மட்டும்தான். மனைகளின் உரிமையோ 2009ன் விதிகளோ அந்த வாக்கால் மாறவில்லை; ஹோட்டல் கட்ட வாக்கெடுப்பும் தேவையில்லை. கோனி ஐலண்ட் யுஎஸ்ஏ தன் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கிவிட்டது, 2011ல் அதற்குப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால் 2012 அக்டோபர் சாண்டி புயலில் அதன் தரைத்தளம் கடல்நீரில் மூழ்கியது. மறு ஆண்டு ஊர்வலத்தை நடத்தவே இணையத்தில் ஒரு லட்சம் டாலர் திரட்ட வேண்டியிருந்தது. ஹிஸ்டரி ப்ராஜெக்ட் வொண்டர் வீல் வளாகத்தில் இருக்கிறது. அந்த ராட்டினத்தை 1983ல் வாங்கிய குடும்பம் இன்னும் விற்கவில்லை.